மேல்பக்க விரிசல்

மாமனாருக்கு மறதி நோய் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவு கட்டிய பிறகு, அவருடைய சின்னக் கார் மருமகளின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. யாரும் அதைப் பிடுங்கவில்லை. ஒருநாள் காலையில் அவரே சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்கம்மா. எனக்கே என்மேல பயமா இருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைத்தான் பார்த்தார்.

தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். யாராவது ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் போதும், எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் நாய்க்குப் பதிலாக வீட்டுக்காரரே கடிப்பார் என்று விவரமாகச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் சிக்னலில் காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்கள். இன்னொரு நாள் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதற்கு "வாடகைக்கு" என்று பதில் சொன்னார். சதா தலைவலி, பகலெல்லாம் தூக்கம், தொட்டதற்கெல்லாம் எரிச்சல். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகன், அப்பா எங்கேயாவது கிளம்பிப் போய்விடக் கூடாதே என்று வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கிழவர் கொஞ்சம் தெளிந்தமாதிரி தெரிந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள்.

மருமகள் செய்துவந்தது காருக்குப் புகைக்குழாய் வடிவமைக்கும் தொழில். சைலன்சர் என்று பெயரை வைத்துவிட்டுச் சத்தம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் தயவில்தான் அவள் பிழைப்பு ஓடியது. ஒரு கார் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் சில வருஷம் இருந்துவிட்டு, கூட்டாக ஒரு வெல்டரைச் சேர்த்துக்கொண்டு சொந்தப் பட்டறை போட்டிருந்தாள். வெல்டருக்குப் பொறி என்று பட்டப்பெயர். அவள் அவனுக்கு வைத்தது. பதிலுக்கு அவன் வைத்த பெயர் குழாயக்கா. பெயர் ஊரெல்லாம் பரவி, குடும்பத்தில்கூடச் சிலர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சின்னக் கார் தெருவுக்கு நாலு ஓடும் ரகம். உழைக்கும், ஆனால் கொசு மாதிரி கத்தும். அதற்கென்று இன்ஜின் வாயிலிருந்து வால் வரைக்கும் முழுசாக ஒரு செட் அவள் வரைந்தாள். முதல் செட்டை மாட்டிப் பார்க்கத் தன் காரைக் கொடுத்தவர் மாமனார்தான். சத்தம் உள்ளே எப்படிக் கேட்கிறது என்று சொல்ல வேண்டுமே என்பதற்காகக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு ஊரைச் சுற்றுவார். "முன்ன கொசு கத்துச்சு. இப்ப புலி இருமுது" என்று சான்றிதழும் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே அவள் மேலும் நாலு செட் விற்றாள்.

வாங்கியவர்களிடமிருந்து ஒரே ஒரு குறைதான் வந்தது. குறிப்பிட்ட வேகத்தில் போகும்போது காருக்குள் காதை அடைக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். அதற்கு வைத்தியம் உண்டு. முக்கியக் குழாயின் பக்கவாட்டில், முனை அடைத்த ஒரு கிளைக்குழாயைச் சரியான நீளத்தில் ஒட்டவைத்தால், அதற்குள் போய் முட்டித் திரும்புகிற சத்தம் இந்தச் சத்தத்தை அடித்துவிடும். நீளத்தைக் கணக்குப் போட முதலில் ரீங்காரத்தை அளக்க வேண்டும். மாமனாரின் கார் சும்மாதானே நிற்கிறது என்று அதையே எடுத்துக்கொண்டாள்.

காரின் முன்சக்கரங்களை உருளை மேடைமேல் ஏற்றினார்கள். வாலில் ஒரு பெரிய ரப்பர் குழாயைச் செருகி, புகையைப் பட்டறைக்கு வெளியே விட்டார்கள். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, சத்தம் அளக்கும் கருவியைக் காது உயரத்தில் பிடித்துக்கொண்டாள். வெளியே பொறி மேசையருகில் இருந்தான். போனில் அவள் அளவைச் சொல்ல, அவன் குறித்துக்கொண்டான். வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றி, இறக்கி, திரும்ப ஏற்றி, அரைமணி நேரத்துக்கு மேல் வேலை ஓடியது. நடுவில் லேசாகத் தலை வலித்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று எண்ணிக்கொண்டாள். புகை வாடை அடித்ததா என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். வருஷக்கணக்காக அந்த வாடையிலேயே வேலை செய்தவளுக்கு அது மூக்கில் உறைக்குமா?

"அக்கா, இப்ப எவ்வளவு காட்டுது?"

"செவ்வாய்க்கிழமை."

பொறி சிரித்தான். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து மறுபடி கேட்டான்.

"செவ்வாய்க்கிழமைன்னு எத்தனை தடவ சொல்றது" என்று அவள் எரிந்து விழுந்தாள். பிறகு போனில் பேச்சே இல்லை.

அவன் எழுந்து வந்து கண்ணாடி வழியே பார்த்தான். கருவி மடியில் விழுந்து கிடந்தது. அவள் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. முகத்தில் யாரோ நல்ல சேதி சொன்னதுபோல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை என்று பொறி இன்றைக்கும் சொல்கிறான். சட்டென்று கதவைத் திறந்து, எட்டி இன்ஜினை அணைத்தான். மூட்டை சரிவதுபோல அவன்மேல் சரிந்தாள்.

வெளியே காற்றோட்டத்தில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தான். அவள் வாந்தி எடுத்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"பொறி. மாமா இப்படித்தான் பேசுவாரு."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் வைத்தார்கள். இளவயது டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு புகை எங்கே குடித்தீர்கள் என்று கேட்டாள். இன்னும் சற்று நேரம் உள்ளே இருந்திருந்தால் வெளியே எடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றாள். மருமகள் மூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஒரே நாள்ல இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குல ஒருத்தர் இத சுவாசிச்சா என்ன ஆகும்?"

டாக்டரம்மா ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். "தலைவலி வரும், தூக்கமா வரும், எரிச்சல் வரும். பேச்சு குழறும், வழி தெரியாது. வயசானவங்களா இருந்தா மறதி நோய்னே நெனச்சிடுவாங்க."

அவள் மூடியைத் திரும்ப வைத்துக்கொண்டாள். மூடிக்குள் தன் மூச்சு இரைவது அவளுக்கே கேட்டது.

கணவன் பதறியடித்து வந்தான். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை அவனுக்கு. கையெல்லாம் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லி முடித்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். சட்டைப்பைக்குள் கையை விட்டு வாசற்கதவின் சாவியை எடுத்தான். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னைக்குக் காலையிலகூடப் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்றான்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அவள் வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்குப் போனாள். கணவன் தடுத்தும் கேட்கவில்லை. குழாயைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது என்றாள். அதற்குள் பொறி காரை மேலே தூக்கி நிறுத்தி, வாலை அடைத்துவிட்டு, குழாய்க்குள் வெறும் புகையை ஊதிப் பார்த்திருந்தான். அவளுக்காக மறுபடி ஊதினான்.

கீழிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. குழாய் பளபளத்தது. சிறிது நேரத்தில் குழாயின் மேல்பக்கத்திலிருந்து, தரைத்தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இருட்டான இடுக்கிலிருந்து, வெள்ளையாக ஒரு இழை கிளம்பியது. இழை நாடாவானது. நாடா மேலே ஏறி, தரைத்தகட்டில் ஒரு துவாரத்துக்குள் நுழைந்தது. பொறி சின்னக் கண்ணாடி ஒன்றை இடுக்கில் நீட்டிக் காட்டினான். இணைப்பு வளையத்தை ஒட்டி, குழாயின் முதுகில், நகக்கீறல்போல ஒரு விரிசல். அதற்கு நேர்மேலே, சென்சார் வயர் உள்ளே போகிற துவாரத்தை அடைத்திருந்த ரப்பர் சூட்டில் உருகி ஒரு பக்கம் வழிந்திருந்தது. அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது காருக்குள் கண்ணாடிகளெல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

"என் வெல்டுக்குப் பக்கத்துலதான் அக்கா" என்றான் பொறி. அவன் குரலே மாறிப்போயிருந்தது.

"உன் வெல்டு நிக்குது. நான் எடுத்ததாலதான் அது பக்கத்துல கிழிஞ்சிருக்கு."

அவள் எடுத்தது எது என்று அவனுக்கும் தெரியும். கம்பெனிக்காரன் போட்ட குழாயில், இன்ஜினைத் தாண்டியதும் பின்னல் கம்பி சுற்றிய வளையும் துண்டு ஒன்று உண்டு. இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும்போது அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் அது. சத்தத்தை மழுக்குகிறது என்று அவள் அதைத் தூக்கிவிட்டு நேர்க்குழாயாகப் போட்டிருந்தாள். பின்னால் தொங்கும் கனம் போதாதென்று இன்ஜினின் ஒவ்வொரு குலுக்கலும் அந்த ஒரே இடத்தில் இறங்கியது. புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆக, விஷம் விஷமாகவே மேலே போயிருக்கிறது. குழாய் ஆறினால் விரிசல் மூடிக்கொள்ளும், சூடேறினால் வாய் திறக்கும். அதன் சீறல் ரீங்காரத்தில் முழுகிப்போயிருந்தது. ரீங்காரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்து கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அந்தப் பூதத்தை உட்கார்ந்து அழகாக வரைந்தவளும் அவளேதான்.

காலையிலிருந்து, கார் பழசாகி எங்கோ ஓட்டை விழுந்திருக்கும் என்று மனசின் ஒரு மூலையில் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையும் போயிற்று. தரையிலேயே உட்கார்ந்தாள். அவரை டாக்டரிடம் காட்டலாம் என்று முதலில் சொன்னதும் அவள்தான். பூட்டு வாங்கி வந்ததும் அவள்தான்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போனார்கள். கணவன் கதவைத் திறந்துவிட்டு, பூட்டைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மாமனார் தன் நாற்காலியில் இருந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் அவள் வாயையே பார்த்தபடி கேட்டார். மாமியார் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"அந்த வண்டியில ஏறினா எனக்குக் குமட்டுதுன்னு சொன்னேனே" என்றாள் மாமியார், மெதுவாக.

சொன்னாள்தான். ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அத்தைக்கு வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்தாலே குமட்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் மாமனார்.

"அப்ப எனக்கு வந்தது நோய் இல்ல" என்றார் அவர்.

"இல்ல மாமா. நான் செஞ்ச குழாய்."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். எழுந்து வந்து ஒரு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. மாமியார் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"இதே குழாய வேற யாருக்கெல்லாம் மாட்டியிருக்க?"

காலையிலிருந்து அவள் நினைப்பெல்லாம் இந்த வீடு, இந்த நாற்காலி, இந்த மனுஷர். மற்ற நாலு கார்களும் இந்த நிமிஷம் எங்கெங்கோ கண்ணாடி ஏற்றி ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. பொறியின் புத்திக்கும் எட்டவில்லை. அவன் வாசலில் நின்றபடி பேயறைந்தவன்போல அவளைப் பார்த்தான்.

அங்கேயே உட்கார்ந்து போன் போட்டாள். முதல் ஆள் பூக்கடைக்காரி. பூ வாடாமலிருக்க எப்போதும் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுகிறவள். அவளுக்கு ஒன்றும் இல்லை. சொன்னதும் பயந்து, காரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். இரண்டாவது புதுசாகக் கல்யாணமான ஜோடி. பழையது ஆபத்து என்று சொல்லிப் புதுசு தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று மாப்பிள்ளை போனை வைத்துவிட்டான். பொறி மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய், கார் சாவியை வாங்காமல் வரமாட்டேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது கார் பேட்டரி செத்து மாதக்கணக்கில் தூசி தின்றுகொண்டிருந்தது. நாலாவது ஆள், நான் அதை எப்போதோ விற்றுவிட்டேனே என்றான். வாங்கியவர் டிரைவிங் கற்றுக்கொடுக்கிற ஒரு பெண்மணி. நம்பர் இல்லை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் உள்ள சந்தில் நீலக்கதவு வீடு என்று மட்டும் தெரியும்.

டிரைவிங் டீச்சர். காலையிலிருந்து சாயங்காலம் வரை காருக்குள்ளேயே இருப்பவர், அதுவும் பக்கத்தில் ஒரு ஆளோடு. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தச் சந்து எனக்குத் தெரியும். நான் லெட்டர் போட்ட தெரு" என்று மாமனார் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

பட்டறை வேனில் போனார்கள். அவர் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னார். இங்கே திரும்பு, சலவைக்கடை வரும், அதைத் தாண்டி இடதுபக்கம். சலவைக்கடை வந்தது. மகனின் முகம் மலர்ந்ததை அவள் கவனித்தாள். வேனிலிருந்து இறங்கி அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். இடதுபக்கம் திரும்பினார். அங்கே சுவர்தான் இருந்தது.

அவர் சுவருக்கு முன்னால் நின்றார். கையால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க ஒரு சந்து இருக்கணும்."

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், இங்கே எந்தக் காலத்திலும் சந்து கிடையாது, தண்ணீர்த்தொட்டி ரோட்டுக்கு அந்தப்பக்கம் என்று கையைக் காட்டினாள். மாமனார் திரும்பி நடந்து வந்து, இந்தத் தடவை வேனின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். புகை நின்றால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று மத்தியானத்திலிருந்து மகன் கட்டியிருந்த கோட்டை அந்தச் சுவரில் மோதி நின்றது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சற்று நேரம் வண்டியை எடுக்காமலே இருந்தான்.

நீலக்கதவு வீட்டின் முன்னால் காரின்மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. மூடாத முன்பகுதி நசுங்கிப்போயிருந்தது. மருமகள் தார்ப்பாயின் முன்னாலேயே நின்றுவிட்டாள். கணவன்தான் கதவைத் தட்டினான்.

கழுத்தில் பட்டை போட்ட ஒரு பெண்மணி வந்தாள். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். இவர்களைப் பார்த்ததும், "வகுப்பு இல்லீங்க. நிறுத்திட்டேன்" என்றாள்.

வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லி, மருமகள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அந்தப் பெண்மணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முழுசும் கேட்ட பிறகு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"போன வாரம் விளக்குக் கம்பத்துல மோதிட்டேன். நான் தூங்கிட்டேன். பட்டப்பகல்ல, பக்கத்துல ஒரு ஆள வச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன். போலீஸ்ல நானே அப்படித்தான் சொன்னேன்."

"பக்கத்துல இருந்தவங்களுக்கு?"

"கால் முறிஞ்சிருச்சு. தையல்காரம்மா. இந்த வயசுல கார் கத்துக்கணும்னு ஆசையா வந்தவங்க." டீச்சர் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காலாலதான் அவங்க மெஷின் மிதிக்கணும்."

மருமகள், பூக்கடைக்காரிக்கு ஒன்றும் இல்லை என்றபோது தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு கணம் மூச்சு விட்டிருந்தாள். அந்த மூச்சு இப்போது நெஞ்சில் அடைத்தது.

"நீங்க சொல்றது நிஜமா?" என்று டீச்சர் கேட்டாள். "வேற எங்கயாவது இத சொல்வீங்களா, இல்ல என்கிட்ட மட்டுமா?"

"எங்கெங்க சொல்லணுமோ அங்கெல்லாம் சொல்வேன்."

டீச்சர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் வேன்வரை வந்துவிட்டார்கள். கதவு மறுபடி திறந்தது.

"வீட்டுக்குள்ள தூங்கலாம்ல?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள். "எனக்கு எதுவும் இல்லல்ல? அன்னையிலேருந்து தூங்கவே பயமா இருக்கு."

தூங்கலாம் என்று சொன்னது மாமனார். வேனின் ஜன்னலுக்குள்ளிருந்து, அந்த நாளில் அவர் பேசிய கடைசி வார்த்தையாக அதைச் சொன்னார்.

அடுத்த நாள் மருமகள் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். தானாக வந்து தன் தப்பைச் சொல்கிற ஆளை அந்த அதிகாரி பார்த்ததில்லைபோலும். யார் மிரட்டி அனுப்பினார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் விரிசல் விழுந்த குழாயைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். டீச்சரின் காரிலிருந்தும் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். அதே இடம், அதே முதுகு. பட்டறை பூட்டப்பட்டது. வழக்கு நடந்தது. தையல்காரம்மாவைப் பார்க்க அவள் போனபோது அந்த அம்மாள் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடி போனபோதும் அப்படியே. அதற்கப்புறமும் அவள் போவதை விடவில்லை.

மாமனாருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். தலைவலி போயிற்று, பேச்சு நேரானது. தெருக்களில் சில திரும்பி வந்தன, சில வரவே இல்லை. சிலது வரும், சிலது வராது, எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒருநாள் மத்தியானம் டீ ஆறிப்போயிருக்கிறது என்று தொடங்கி, வீடு அதிர அவர் மருமகளைத் திட்டினார். டீயிலிருந்து குழாய்க்குப் போய், குழாயிலிருந்து பூட்டுக்கு வந்தார்.

"எனக்கு ஏதோ ஆகுது, ஆனா அது நான் இல்லைன்னு எத்தனை தடவ சொன்னேன். கேட்டீங்களா? நாயக் கட்டிப்போடுற மாதிரி பூட்டி வச்சீங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குனியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க, இது எப்போதோ வந்திருக்க வேண்டியது என்றே பட்டது. மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு, சூடாக ஒரு டீ போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தாள்.

பட்டறையைத் திறக்க அனுமதி வந்தபோது பல மாதம் ஓடிவிட்டிருந்தது. இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று கணவன் சொன்னான். அவளும் வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கழற்றிய கார்கள் குழாய் இல்லாமல் நின்றன. அவற்றுக்கு எதையாவது மாட்டித்தானே ஆக வேண்டும், அதை வேறு யாரோ செய்யட்டும் என்று விட அவளால் முடியவில்லை. மறுபடி வரைந்தாள். வளையும் துண்டு பழைய இடத்துக்கு வந்தது. இணைப்பைத் தரைத்துவாரத்தை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனாள். குழாயின் முதுகைப் பார்ப்பதற்கென்றே, சூட்டைத் தடுக்கும் கவசத்தகட்டில் ஒரு திறப்பு வைத்தாள். வாலை பம்பரைத் தாண்டி வெளியே நீட்டினாள். பார்க்க அவ்வளவு அழகாக இல்லை என்றான் பொறி. சொல்லிவிட்டு, ஒவ்வொரு வெல்டையும் கண்ணாடி வைத்து இரண்டுமுறை பார்த்தான்.

புது செட்டை மாமனாரின் காரில் மாட்டி, யாரையும் உள்ளே விடாமல், விஷவாயு காட்டும் கருவியை மட்டும் இருக்கையில் வைத்து நாள்கணக்கில் ஓட்டினார்கள். கருவி ஒன்றும் காட்டவில்லை. புகை ஊதிப் பார்த்தார்கள். ஒரு இழைகூட வரவில்லை. கடைசியாக ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தான் மட்டும் உட்காருவது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

அன்றைக்கு டிரைவிங் டீச்சர் பட்டறைக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. போலீஸ் விசாரணை முடிந்து அவள்மேல் குற்றமில்லை என்றாகியிருந்தது. ஆனால் அதற்கப்புறம் அவள் எந்தக் காரிலும் ஏறவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"நானும் உக்காரணும்" என்றாள்.

மருமகள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பொறியும் சொன்னான். டீச்சர் அதையெல்லாம் காதில் வாங்காமல் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். மருமகள் மறுபக்கம் ஏறினாள். கருவியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். கண்ணாடிகளை ஏற்றினார்கள். பொறி முன்கண்ணாடிக்கு நேரே, இருவரின் முகமும் தெரிகிற இடத்தில் வந்து நின்றுகொண்டு இன்ஜினை எடுக்கச் சொன்னான்.

இன்ஜின் ஓடியது. டீச்சரின் ஒரு கை கதவின் கைப்பிடியிலேயே இருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. அவள் கருவியைப் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு" என்றாள் மருமகள்.

வேகம் ஏறி இறங்கியது. பொறி கண் கொட்டாமல் பார்த்தபடி நின்றான். நேரம் முடிந்து அவன் கை காட்டியதும் மருமகள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று உள்ளே வந்தது. டீச்சர் இறங்கவில்லை. கைப்பிடியை விட்டு, விரல்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவ ஓட்டுங்க" என்றாள்.

மருமகள் கதவைச் சாத்தினாள்.